வழுக்கும் பொன்னாடைகள்

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியைத் திறந்தால் சேலை இருக்காது, நகை இருக்காது. மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை பொன்னாடைதான். அப்பா பினாங்குத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஜெலுத்தோங் பக்கம் அவரைக் குமாஸ்தா என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. தலைவர் என்றால்தான் தெரியும். எங்கள் வட்டாரத் தமிழர் சங்கத்துக்கு அவர் வெகு காலம் தலைவராக இருந்தார். தலைவர் என்றால் மேடை. மேடை என்றால் பொன்னாடை. அவர் போர்த்துவார், அவருக்கும் போர்த்துவார்கள்.

பொன்னாடையைப் போல ஒன்றுக்கும் உதவாத துணி உலகத்தில் வேறு இல்லை என்பது என் கட்சி. போர்த்தும்போது பளபளக்கும், படத்தில் எடுப்பாக விழும், அத்தோடு சரி. குளிருக்கு ஆகாது, தலை துவட்ட ஆகாது, சன்னலுக்குத் திரையாகத் தொங்கவிட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அம்மா இருந்தவரை, அப்பா விழாவுக்குக் கிளம்பும்போதெல்லாம், "இன்னிக்காவது ஒரு நல்ல குளிக்கிற துண்டா போத்தச் சொல்லுங்க" என்று வாசல்வரை வந்து சொல்வார். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் அவரே மடித்து, பாச்சை உருண்டை போட்டு அடுக்கி வைப்பார். எங்களைத் தொடவிட மாட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. பேச்சு கொஞ்சம் குழறியது, அதிகாரம் மட்டும் துளியும் குழறவில்லை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவள். ஆக அப்பா என் பொறுப்பு. கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பியும் பொறுப்பானவன்தான். முதியோரைக் கவனிப்பது எப்படி என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வீடியோவாக அனுப்புவான். மஞ்சள் பால் குடித்தால் நரம்பு முறுக்கேறும் என்று ஒருநாள் ஒன்று வந்தது. "அந்த மஞ்சளைக் கரைச்சு உன் தலையில ஊத்திக்கோ" என்று பதில் போட்டேன். அதற்கும் கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினான். அவனை என்ன செய்வது?

சில மாதங்களில் அப்பாவுக்கு முதுகெலும்பு முடிகிற இடத்தில் படுக்கைப் புண் வந்தது. முதலில் சிவப்பாக இருந்தது, பிறகு தோல் கழன்றது, பிறகு குழி விழுந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சொன்னார். இது எலும்புவரை போனால் மருத்துவமனைதான், இந்த வயதில் உள்ளே போனால் திரும்பி வருவார் என்று சொல்ல முடியாது. புண் ஆறும்வரை உட்கார வைக்கவே கூடாது, ஒரே பக்கம் படுக்கவும் விடக்கூடாது, திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சொல்லிவிட்டுப் போய்விட்டார். திருப்புவது யார்? அப்பா ஆள் பெரிய உடம்பு. நான் அக்குளில் கை கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பேன். மெத்தை விரிப்பு தோலைப் பிடித்துக்கொள்ளும், புண் உரசும், அப்பா "கொலைகாரி!" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். "ஆமா, கொலைகாரிதான், பேசாம இருங்க" என்று நானும் கத்துவேன். பிறகு இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. "படுத்துக்கிட்டே கஞ்சிய உறிஞ்சிட்டுப் போய்ச் சேரமாட்டேன். மேசையில உக்காந்து ஒரு தோசை சாப்பிடணும். அதுக்கப்புறம் எமன் வந்தா வரட்டும், காப்பி போட்டுக் குடு" என்பார். தோசை பெரிய விஷயமா? ஆனால் உட்கார வேண்டுமே. உட்கார வேண்டுமானால் புண் ஆற வேண்டும்.

அப்போதுதான் மிஸ்ஸி வந்தாள். எங்கள் ஊரில் மிஸ்ஸி என்றால் மருத்துவமனைத் தாதி. அவள் தாதி இல்லை, வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கிற பராமரிப்பு வேலை செய்கிறவள். "நான் மிஸ்ஸி இல்ல ஐயா" என்று அவள் எத்தனை தடவை சொல்லியும் அப்பா அப்படித்தான் கூப்பிட்டார், எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கட்டிக்கொண்டு தீவுக்கு வந்து, கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். காலையில் எங்கள் வீடு, மத்தியானம் வேறு வீடு, சாயங்காலம் இன்னொன்று. மோட்டாரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, "ஐயா, எந்திரிச்சாச்சா? ஓடிப் பிடிச்சு வெளையாடலாமா?" என்று வாசலிலிருந்து சத்தம் வரும்.

முதல் வாரம் அப்பா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேடையில் மாலையோடு நின்ற மனிதர். யாரோ ஒரு பெண் வந்து உடம்பைத் துடைப்பதா என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து, மற்றதையெல்லாம் போர்த்தி, பசாரில் மீன் விற்கிற விலையைத் திட்டிக்கொண்டே வேலையைச் செய்தாள். "கெம்போங் மீன் இந்த விலைன்னா மனுசன் என்னத்த திங்கிறது, சொல்லுங்க ஐயா." ஐந்தாறு நாள் கழித்து அப்பா கண்ணைத் திறக்காமலே, "வாவால் மீன் என்ன விலை?" என்றார். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மழைக்காலத்தில் கூரை ஒழுகி அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியது. நான் தலையில் அடித்துக்கொண்டு பொன்னாடைகளை அள்ளி அப்பாவின் கட்டில் கால்மாட்டில் போட்டேன். மேலே இருந்தது சர்ரென்று கீழே வழுக்கி விழுந்தது. எடுத்துப் போட்டேன், இன்னொன்று விழுந்தது. "சனியன், நிக்குதா பாரு" என்று நான் திட்ட, மிஸ்ஸி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒன்றை எடுத்து இரண்டாக மடித்து மெத்தைமேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். மேல் மடிப்பு கீழ் மடிப்பின்மேல் வெண்ணெய் மாதிரி ஓடியது.

"அக்கா, ஆளை நகத்துறதுக்குன்னு வழுக்குத் துணி ஒண்ணு பயிற்சியில காட்டினாங்க. வீட்டுக்கு வீடு அது எங்க இருக்கு? நான் குப்பைப் பையை வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். இது அதைவிட நல்லா இருக்குலா!"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவின் முகம் குங்குமமாகிவிட்டது.

"என் பொன்னாடைய பீத்துணி ஆக்கப் போறீங்களா? கைய வை பார்ப்போம்! நான் செத்ததுக்கப்புறம் எடுத்து என்ன வேணும்னாலும் பண்ணுங்க!"

"செத்ததுக்கப்புறம் உங்களைத் திருப்ப வேணாமே ஐயா" என்றாள் அவள். எனக்கு உயிர் போய் வந்தது. இப்படியா பேசுவாள்? அவளே தொடர்ந்தாள். "அலமாரிக்குள்ள கெடக்கு. கரப்பான்பூச்சிதான் தெனமும் போத்திக்கிட்டுக் கூட்டம் போடுது. நீங்கதான் தலைவரு, நீங்க வேணாம்னா வேணாம்."

அப்பா கால்மாட்டுக் குவியலைப் பார்த்தார். பிறகு, "அந்த ஊதா நிறம், பெரிய கரை போட்டது, அது இருக்கா?" என்றார். இருந்தது. சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்ற ஆள், பிறகு சமாதானமாகப் போவதுபோல் பாவனை காட்டி மேடையில் போர்த்தியது. "அதை எடு மொதல்ல. அவன் போத்தினது மேலதான் மொதல்ல படுப்பேன்."

வேலை இப்படித்தான் நடந்தது. பொன்னாடையை இரண்டாக மடித்து அவருக்கு அடியில் செருகி, மேலே என் பழைய பருத்திச் சேலைத் துண்டை விரிப்பாள். முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "சரிகைக் கரை தோல்ல பட்டுடக் கூடாதுக்கா. சரிகை கீறும். எப்பவும் வெளிப்பக்கம் மடிச்சி விடுங்க." பிறகு அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "பெலான் பெலான்" என்று அவள் மலாயில் மெதுவாகச் சொல்ல, அப்பா தண்ணீரில் படகு திரும்புவதுபோல் திரும்புவார். உரசல் இல்லை, இழுப்பு இல்லை. திரும்பி முடிந்ததும் பொன்னாடையை உருவி எடுத்துவிடுவாள், விட்டுவைத்தால் அவரே வழுக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போய்விடுவார்.

ஆனாலும் ஆறாத புண் ஆயிற்றே, அசையும்போது வலிக்கத்தான் செய்தது. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். திருப்புவதற்கு முன்னால், "இது யாரு போத்தினது ஐயா?" என்று கேட்பாள். அப்பா ஆரம்பித்துவிடுவார். பாலிக் புலாவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா, டுரியான் பழக் காலம், பொன்னாடையோடு ஒரு கூடை டுரியானும் கொடுத்தார்கள், அந்த வாடைக்குப் பயந்து பஸ்காரன் ஏற்ற மாட்டேன் என்றான். "அப்புறம்?" என்பாள் அவள், கையைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டே. "அப்புறம் என்ன, நான் பொன்னாடைய எடுத்துக் கூடைமேல மூடினேன்..." அந்த இடத்தில் ஒரு தள்ளு. "ஆ!" என்பார், உடனே, "மூடினா வாடை போயிருமா, சொல்லு" என்று விட்ட இடத்தில் தொடர்வார்.

ஒருநாள் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நீ கதை கேக்கறியா, முதுகைப் பாக்கறியா?"

"ரெண்டும்தான் ஐயா. கதை நல்லா இல்லேன்னா முதுகை மட்டும் பாத்துட்டுப் போயிருவேன்."

வயதான பிள்ளை நான், அப்பாவின் மேடைக் கதைகளை அத்தனை காலமாகக் காதில் வாங்கிக்கொள்ளாமலே இருந்தேன். கட்டிலின் மறுபக்கம் நின்று பொன்னாடை முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது சிலது நன்றாகத்தான் இருந்தது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் மைக் கேட்பார்.

புண் ஆறியது. மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியாமல், குழி மேடாகி, மேடு மூடி, புதுத் தோல் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம் என்றார். மறுநாள் காலை மிஸ்ஸியும் நானும் அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி மேசைக்குத் தள்ளினோம். நான் தோசை ஊற்றினேன். பதற்றத்தில் முதல் தோசை பிய்ந்துவிட்டது. பிய்ந்த தோசையை அப்பா வலது கையால் சட்னியில் தோய்த்து வாயில் வைத்து, மென்று, "உப்பு பத்தல" என்றார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தோசைக்கல் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

"சந்தோசத்துல மறந்திராதீங்கக்கா" என்றாள் போகும்போது. "இந்தத் தோலு வெங்காயச் சருகு. அளவுக்கு மேல உக்காந்தா பொளந்துக்கும். மறுபடி பொளந்தா, முன்ன மாதிரி ஆறும்னு சொல்ல முடியாது. அப்பப்ப முன்னால சாய்ச்சு காத்து விடணும், அப்படியும் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதுக்கு மேல கெஞ்சினாலும் விடாதீங்க."

அந்தச் சமயத்தில்தான் சங்கத்துச் செயலாளர் வந்தார். அப்பாவின் காலத்திலேயே சங்கத்துக்கு வந்தவர், நல்ல மனிதர், ஓடியாடி வேலை செய்கிறவர். "இந்த வருசம் விழாவுல நம்ம வட்டாரத்துப் பராமரிப்பாளர்களுக்கு மரியாதை செய்றோம்க்கா. உங்க வீட்டுக்கு வர்றவங்களையும் சேர்த்திருக்கோம். தலைவர்தான் வந்து அவங்களுக்குப் பொன்னாடை போத்தணும்" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். வலது கை மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பதில் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மிஸ்ஸியிடம் மரியாதை நடக்கப்போகிறது என்று மட்டும் சொன்னோம். போர்த்தப் போவது யார் என்று சொல்லக் கூடாதென்று அப்பா கட்டளை. அவள் போன பிறகு ஒத்திகை நடக்கும். நான் கட்டிலை ஒட்டி முக்காலியில் உட்கார வேண்டும். அப்பா வலது கையால் பொன்னாடையை வீசி என் தோளில் போடுவார். ஒரு கையால் பொன்னாடை போர்த்த முடியுமா? இந்தத் தோளில் விழுந்து அந்தத் தோள் வழியாகச் சர்ரென்று இறங்கித் தரைக்குப் போகும். ஆளை வழுக்க வைத்த துணி தோளில் மட்டும் நிற்குமா என்ன.

"நான் அந்த முனையப் பிடிச்சுக்கறேனேப்பா."

"ஊருக்கெல்லாம் போத்தின கை இது. நீ என்னடி முனை பிடிக்கிறது? எடு, திரும்பப் போடுவோம்."

முதுகு வளைந்து வளைந்து தரையிலிருந்து பொறுக்கியது யார்? நான்தான். ஆனாலும் அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. திட்டிக்கொண்டே பொறுக்கினேன்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாடகை வேனில் சக்கர நாற்காலியோடு போனோம். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை, வேட்டி, மேலே பழைய பருத்தித் துண்டு. எப்போதும் டீ சட்டையும் தொளதொள கால்சட்டையுமாக வருகிற மிஸ்ஸி அன்று கத்திரிப்பூ நிறச் சேலையில் வந்திருந்தாள். "யாரும்மா இது?" என்றார் அப்பா. அவள் வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முன்வரிசையில் மரியாதை பெறப்போகிற பராமரிப்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் நல்ல உடுப்பு, பூ. ஆனால் ஒருவர் முகத்திலும் விழாவின் களை இல்லை. எல்லாருடைய கண்ணும் கைப்பேசியில். ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய், "தலகாணிய முதுகுக்குப் பின்னால வை. இல்ல, சின்னது, சின்னது" என்று யாருக்கோ சொன்னார். இன்னொருவர், மாத்திரையைப் பொடி செய்து கொடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே சேர்ந்து கௌரவிக்கிற நேரத்தில் அவர்கள் யாருமே அங்கே இல்லை, அவரவர் வீட்டுக் கட்டிலருகே இருந்தார்கள்.

நிகழ்ச்சி தொடங்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர் வர வேண்டும், நாங்கள் ஒய்.பி. என்போம். அவர் பெருநிலத்திலிருந்து வருகிற வழியில் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டாராம். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு போட்டார்கள். மிஸ்ஸி அவ்வப்போது எழுந்து அப்பாவை முன்னால் சாய்த்து, முதுகுக்குக் காற்று விட்டு, மறுபடி உட்கார வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு எழுந்து சேலையை இடுப்பில் செருகினாள். அது அவள் வேலைக்கு இறங்குகிற அடையாளம்.

"ஐயா, கெளம்பலாம்."

செயலாளர் ஓடி வந்தார். "இன்னும் பத்து நிமிசம்லா. ஒய்.பி. கிட்ட வந்துட்டாரு."

"ஒய்.பி. ஜாம்ல மாட்டிக்கிட்டாருன்னு ஐயாவோட முதுகுக்குத் தெரியாதுண்ணே."

எனக்கு வாய் நீளம், சும்மா இருக்க முடியவில்லை. "மேடை காலியாத்தானே கெடக்கு? இவளுக்கு மட்டும் இப்பவே போத்திடுங்களேன். ஒரு நிமிச வேலைதானே."

"எப்படிக்கா? ஒய்.பி. வராம, குத்துவிளக்கு ஏத்தாம, மேடையில எப்படி..." அவர் தவித்தார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படி ஒன்று செய்யலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"பராமரிப்பாளருக்குத்தான விழா எடுக்கறீங்க? அவ இப்ப அதைத்தான் பண்றா, பாருங்க!" நான் கத்தியதில் பாட்டு போடுகிறவர்கூட ஒலியைக் குறைத்துவிட்டார்.

அப்போது அப்பா அவள் கையைப் பிடித்தார். அந்தப் பிடியை நான் பார்த்தேன். "இரு மிஸ்ஸி. உனக்கு நான்தான் போத்தணும். அதுக்குத்தான் வந்தேன். கொஞ்ச நேரம் இரு."

அவளுக்கு அது தெரியாதல்லவா? அப்படியே நின்றுவிட்டாள். மேடையைப் பார்த்தாள், தட்டில் அடுக்கியிருந்த பொன்னாடைகளைப் பார்த்தாள். எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசை இருக்காது? அத்தனை பேர் முன்னால், பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலைவர் கையால். பிறகு குனிந்து நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டாள். "அக்கா, செருப்பு கீழ விழுந்திருச்சு, எடுங்க" என்றாள் என்னிடம். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னால் பாட்டு மறுபடி சத்தமாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேலையோடேயே அப்பாவைக் கட்டிலில் ஏற்றித் திருப்பிப் பார்த்தாள். புதுத் தோல் சிவந்திருந்தது. அவள் விரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். அழுத்திய இடம் வெளுத்து, மறுபடி மெல்லச் சிவந்தது. "பயமில்லக்கா, உசிரு இருக்கு. படுத்தா சரியாயிரும். இன்னும் உக்காந்திருந்தா சொல்ல முடியாது" என்றாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பராமரிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அன்று மாலையில் கஞ்சி ஊட்டும்போது, "செயலாளரைத் திட்டாத. நான் தலைவரா இருந்தாலும் ஒய்.பி. வரட்டும்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். எத்தனை விழாக்களில் எத்தனை பேர் அப்பாவுக்காகக் காத்திருந்தார்களோ. அதற்குமேல் கஞ்சி வேண்டாம் என்றார்.

இருட்டுவதற்குள் செயலாளரே வந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் மிஸ்ஸிக்கான பொன்னாடை, கூடவே பலகாரப் பொட்டலம். "மன்னிச்சிடுங்கக்கா, அவங்ககிட்ட குடுத்திடுங்க" என்றார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். பாவம், அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டேதான் இருந்திருப்பார்.

மறுநாள் காலை மிஸ்ஸி வழக்கம்போல் சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள். பையைக் கொடுத்தேன். பிரித்து எடுத்தாள். அரக்கு நிறம், அகலமான சரிகை. தோளில் போட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் துணியை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அடடா, அக்கா, இது மத்ததையெல்லாம்விட நல்லா வழுக்குது! ஐயாவுக்கு ரொம்ப சுகமா இருக்கும்." சொல்லிக்கொண்டே அதை இரண்டாக மடித்துக் கட்டிலில் விரிக்கப் போனாள். வேலை செய்கிற கை, அதற்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"வை கீழ." அப்பாவின் குரல் மேடைக் குரல். அவள் திடுக்கிட்டு நின்றாள். "எல்லாத்து மேலயும் படுக்கறேன். எல்லாத்தையும் எடு. இது மேல படுக்க மாட்டேன். இது போத்திக்கிறது. இப்படிக் கிட்ட வா."

"ஐயா, நேரமாச்சு, திரும்பணும்..."

"போத்தாம திரும்ப மாட்டேன். புண் வந்தா வரட்டும்."

இந்த மிரட்டலுக்கு அவள் பணிந்துதான் ஆக வேண்டும். கட்டிலை ஒட்டி, அப்பாவின் கைக்கு எட்டும்படி முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். நான் கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். அப்பா பொன்னாடையின் ஒரு முனையை வலது கையில் எடுத்தார். வீசப் போகிறார், விழப்போகிறது, நான் பொறுக்கப் போகிறேன் என்று குனியத் தயாரானேன். அவர் வீசவில்லை. என்னைப் பார்த்தார்.

"அந்த முனையப் பிடி" என்றார்.

பிடித்தேன். அவர் ஒரு கை, நான் ஒரு கை. குழறிய நாக்கால், ஆனால் முழு மேடைத் தமிழில், "அடுத்ததாக, நம்மையெல்லாம் காத்துவரும் சகோதரிக்குப் பொன்னாடை அணிவித்துச் சிறப்பிக்கிறோம்" என்று அப்பா சுவர்களுக்கு அறிவித்தார். இருவருமாக அவள் தோளில் போர்த்தினோம். வழுக்காமல் நின்றது. "கை தட்டுடி" என்றார் என்னிடம். முனையைப் பிடித்த கை போக மிச்சமிருந்த கையால் தொடையில் தட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை தோசைக்கல்லும் இல்லை, சொல்ல.

மிஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருடைய கண்ணீரைத் துடைத்துவிட்டுப் போனவள், தன்னுடையதைத் துடைக்கப் பொன்னாடையின் ஓரத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"அதுல தொடைக்காத மிஸ்ஸி" என்றார் அப்பா. "சரிகை கீறும்." தன் தோளில் கிடந்த பழைய பருத்தித் துண்டை வலது கையால் உருவி அவளிடம் நீட்டினார்.